அறுநூற்றுப் பதின்மூன்றாவது வீடு

நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டாவது வரியை அழித்த அன்று காலை பதினொன்றேகால் மணிக்கு, தையல்காரர் தெருவின் பதினேழரை எண் வீடு காணாமல் போனது. வாசல்படி, கொடியில் போட்டிருந்த இரண்டு போர்வை, உள்ளே மூக்கில் குழாயோடு கட்டிலில் உட்கார்ந்திருந்த பெண்மணி, எல்லாம் சேர்த்துத்தான் போனது. பதினேழும் பதினெட்டும் நகர்ந்து வந்து சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டன. எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, இப்போதுதான் தெரு நேராக இருக்கிறது என்று சொல்லிச் செய்தித்தாளின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். சாயங்காலம் நாலேகாலுக்கு அந்த வரியைத் திரும்ப எழுதியதும் வீடு பழைய இடத்தில் இருந்தது. போர்வைகளில் ஈரம் காயவில்லை. கடிகாரம் பதினொன்றேகாலிலேயே நின்றது. அடுப்பிலிருந்து இறக்கிய பால் ஆறவில்லை. ஆக்சிஜன் சிலிண்டரின் முள் மட்டும் ஐந்து மணி நேரத்துக்கு உண்டான அளவு இறங்கியிருந்தது. காணாமல் போன வீட்டில் மற்றதெல்லாம் நிற்கும், மூச்சு மட்டும் நிற்காது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

வரியை அழித்தவர் கம்பெனியின் மாப்பிள்ளை. முதலாளியின் மகளைக் கட்டியதால் வந்த பதவி அது, வேறு தகுதி எதையும் அவர் கொண்டுவரவில்லை. நுரையீரல் கெட்டவர்களின் வீடுகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டுபோய்க் கொடுப்பது கம்பெனியின் தொழில். எந்த வீட்டுக்கு எந்தக் கிழமை, எந்த வேனில் என்று சொல்வது இருபது வருடப் பழைய ஒரு புரோகிராம். அதில் ஒன்பதாயிரம் வரிகள் இருந்தன. அவற்றில் பாதி, யாரோ ஒருவர் கவுண்ட்டருக்கு வந்து அழுததால் எழுதப்பட்டவை. அண்ணன் தம்பி பாகம் பிரித்து ஒரு வீடு பதினேழு, பதினேழரை என்று இரண்டானபோது, அரை எண் புரோகிராமுக்குப் புரியாமல் மூன்று வாரம் சிலிண்டர் போகவில்லை. அதற்குப் பிறகு எழுதியதுதான் அந்த நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டாவது வரி: தையல்காரர் தெருவில் எண் பதினேழரை என்றாலும் அதுவும் வீடுதான். மற்ற அரை எண்களுக்கும் இதே போலத் தனித்தனி வரிகள் இருந்தன. எழுதியவர் வேலையை விட்டுப் போய் ரொம்ப நாளாயிற்று. இருபது வருடத்தில் ஊரும் பழகிப்போயிருந்தது. புரோகிராமுக்குத் தெரிந்த வீடு இருக்கும், மறந்த வீடு இருக்காது.

மாப்பிள்ளை இஸ்திரி கலையாத சட்டையோடு வந்து திரையைப் பார்த்தார். "அரை வீடுன்னு ஒண்ணு உலகத்துல உண்டா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அழித்துவிட்டார். வீடு போய் வந்த கதை தெரிந்ததும் அவர் வெட்கப்பட்டிருப்பார் என்று நினைப்பவர்களுக்கு அவரைத் தெரியாது. ஒரு வரியைத் தொட்டால் ஒரு வீடு போகிறது என்றால் இந்தப் புரோகிராமே வேண்டாம், மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதலாம் என்றார். ஒரு செங்கலை உருவினால் சுவர் ஆடுகிறது என்று கண்டுபிடித்தவர், அதனால் வீட்டையே இடித்துவிடலாம் என்று முடிவு செய்கிற அறிவு அது. முதலாளி அந்த அறிவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்.

கம்பெனிக்கு இது முதல் தடவையும் இல்லை. பழசுக்குப் பதினைந்து வயதானபோது ஒரு கூட்டம் வந்து புதிதாக ஒன்றை எழுதியது. தொடங்கிய அன்று அது ஊரில் இருந்த எல்லாச் சிலிண்டர்களையும் ஒரே முடிதிருத்தும் கடைக்கு அனுப்பியது. பாதி நாளில் பழசுக்கே திரும்பினார்கள், அதில் இங்கே ஒன்றும் அங்கே ஒன்றுமாகக் கை வைத்துவிட்டு. பதினெட்டாவது வயதில் இன்னொரு கூட்டம் வந்து, எந்த முனையிலிருந்து எழுத ஆரம்பிப்பது என்று பேச உட்கார்ந்தது. ஆறு பேராக உட்கார்ந்தவர்கள் நாற்பது பேரானார்கள். இடம் போதாமல் நாலு மாடிக் கட்டடத்துக்கு ஐந்தாவது மாடி ஒன்று தானாக முளைத்தது. அந்தக் கூட்டம் இன்றும் முடியவில்லை. தினம் இரண்டு வேளை நாற்பது டீ மேலே போகிறது, காலி டம்ளர்கள் கீழே வருகின்றன. வேறு தகவல் எதுவும் வந்ததில்லை.

பழசைப் பார்த்துக்கொண்டவள் ஒரே ஒரு பெண். முதல் கூட்டம் ஓடிப்போன மறு வருடம் வேலைக்குச் சேர்ந்தவள். முதலாளி அவளை ஒட்டுக்காரி என்பார், கிழிந்த இடத்தில் ஒட்டுப் போடுவதைத் தவிர வேறெதுவும் தெரியாதவள் என்ற அர்த்தத்தில். பதினேழரை எண் வீட்டில் இருந்தவள் அவளுடைய அக்கா. மாவு மில்லில் இருபது வருடம் நின்று தங்கையைப் படிக்க வைத்து, நுரையீரலை மில்லிலேயே விட்டுவிட்டு வந்தவள். மாப்பிள்ளையின் முடிவைக் கேட்டதும் ஒட்டுக்காரி மாடியேறிப் போய், "கொஞ்சம் கொஞ்சமா மாத்தலாம் சார். ஒண்ண மாத்துவோம், எல்லா வீடும் இருக்கான்னு பாப்போம், அப்புறம் அடுத்தது. அஞ்சு வருஷத்துல மொத்தமும் புதுசாயிடும்" என்றாள்.

"அஞ்சு வருஷம் கழிச்சு என்னத்தத் தெறந்து வைக்கிறது?" என்று கேட்டார் முதலாளி. "ஒட்டுப் போட்டதுக்கு யாராவது ரிப்பன் வெட்டுவாங்களா?"

அவள் கீழே இறங்கிப் போய்த் தன் வேலையைப் பார்த்தாள்.

மாப்பிள்ளையின் புரோகிராம் ஒரு வருடத்தில் தயாரானது. திறந்தால் வணக்கம் சொன்னது, மூடினால் நன்றி சொன்னது. பொத்தான்கள் எல்லாம் மூலை மழுங்கி வழவழவென்று இருந்தன. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு முதலாளி ரிப்பனை வெட்டினார். பழைய இயந்திரத்தின் வயரைப் பிடுங்கி, மாடிப்படிக்குக் கீழே உடைந்த நாற்காலிகளோடு போட்டார்கள். பத்து மணி ஒரு நிமிடத்துக்கு அரை எண் கொண்ட நாற்பத்தொரு வீடுகள் ஊரில் இல்லை.

அக்காவுக்குச் சிலிண்டர் மாற்றுகிற நாள் செவ்வாய். இருக்கிற சிலிண்டர் மூன்று மணி வரைக்கும்தான் வரும். ஒட்டுக்காரி மறுபடி மாடியேறினாள். மாப்பிள்ளை கணக்குப் போட்டு வைத்திருந்தார். "அறுநூத்திப் பன்னெண்டு வீட்டுல ஐநூத்தி எழுபத்தொண்ணு அப்படியே இருக்கு. நூத்துக்குத் தொண்ணூத்தி மூணு. பள்ளிக்கூடத்துல நீங்க யாராவது இந்த மார்க் வாங்கியிருக்கீங்களா?" என்றார். அங்கிருந்தவர்கள் கை தட்டினார்கள். மிச்ச ஏழு சதவீதத்தில் தன் அக்கா இருக்கிறாள் என்று அவள் சொன்னபோது, அந்த வீடுகள் முதலில் உண்மையிலேயே இருந்தனவா என்று விசாரிக்க மூன்று பேர் கொண்ட குழு ஒன்றை முதலாளி அமைத்தார். குழு அடுத்த வாரம் கூடுவதாக இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு வேன்காரர்கள் வெறும் வண்டியோடு திரும்பி வந்தார்கள். கம்பெனியின் சிலிண்டர் கிடங்கைக் காணோம். அதன் கதவு எண் ஒன்பதரை. இருபத்தோரு வருடமாக அந்த எண்ணைத் தன் கையெழுத்துக்கு மேலே அச்சடித்து வைத்திருந்த முதலாளிக்கு அது ஞாபகமில்லை, மாப்பிள்ளைக்கு அது தெரியவே தெரியாது. நாற்பத்தொரு வீட்டுக்கு அசையாத மனிதர் கிடங்கு என்றதும் நாற்காலியிலிருந்து எழுந்தார். எழுந்து, இன்னொரு குழுவை அமைத்தார்.

ஒட்டுக்காரி காத்திருக்கவில்லை. தையல்காரர் தெருவுக்குப் போகிற வேன் ஓட்டுநரைக் கூட்டிக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே போனாள். நாற்காலிகளை இழுத்துப் போட்டுவிட்டு, பழைய இயந்திரத்துக்கு அங்கேயே வயரைச் சொருகினாள். அது கண் விழிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், எப்போதும் அப்படித்தான். அவள் தரையில் உட்கார்ந்து அதன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை என்று பிற்பாடு சொன்னாள். இரண்டரைக்குக் கிடங்கு வந்தது. ஓட்டுநர் அங்கே ஒரு சிலிண்டரை ஏற்றிக்கொண்டு பதினேழரைக்குப் போய்ச் சேர்ந்தபோது முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியிருந்தது. மாற்றிவிட்டு, அக்காவிடம் போனைக் கொடுத்தார்.

"ஜன்னலத் தொறந்தா தெருவே இல்ல" என்றாள் அக்கா, ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி. "எங்கடி போயிட்டீங்க எல்லாரும்?"

ஒட்டுக்காரி மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மேலே, புதிய புரோகிராம் செட்டாகச் சில மணி நேரம் பிடித்தது என்றும் இப்போது செட்டாகிவிட்டது என்றும் மாப்பிள்ளை அறிவித்தார். முதலாளி அவர் முதுகில் தட்டினார். அதை மறுத்துப் பேச ஒட்டுக்காரி போகவில்லை. புதியதன் திரையிலிருந்து பழையதற்கு ஒரு வயரை மட்டும் இழுத்துவிட்டாள். முன்னால் புதுசு வணக்கம் சொல்லிக்கொண்டு நிற்க, மாடிப்படிக்குக் கீழே பழசு வேலை பார்த்தது. கம்பெனியில் பலரும் அப்படித்தான் இருந்தார்கள் என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

மறுநாள் முதல் அவள் தன் வேலையை ஆரம்பித்தாள். காலையில் ஓட்டுநர் தெருத் தெருவாகப் போய் வீடுகளை எண்ணி, அறுநூற்றுப் பன்னிரண்டு என்று போனில் சொல்வார். பிறகு அவள் ஐந்தாறு வரிகளை எடுத்து, அவை இப்போது என்ன செய்கின்றன என்று ஒரு நோட்டில் எழுதுவாள். என்ன செய்ய வேண்டும் என்று அல்ல, என்ன செய்கின்றன என்று. தப்பாகச் செய்தாலும் தப்பை அப்படியே எழுதுவாள். அதற்கப்புறம்தான் அவற்றைப் படித்தால் புரிகிற மாதிரி மாற்றி எழுதுவாள். சாயங்காலம் ஓட்டுநர் மறுபடி எண்ணுவார். ஒன்று குறைந்தால் உடனே பழைய வரி திரும்பிவிடும். ஒரு தடவை ஒரு வீட்டின் பின்கட்டு மட்டும் போய்விட்டது. இன்னொரு தடவை எல்லா வீடும் இருந்தன, ஒரு மாடிவீட்டில் படிக்கட்டு மட்டும் இல்லை. தெரிந்த பிறகு பத்து நிமிடத்துக்கு மேல் எதுவும் காணாமல் இருந்ததில்லை. ஓட்டுநர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணினார். எண்ணுகிற வேலையை அதுவரை அந்தக் கம்பெனியில் யாரும் செய்ததே இல்லை.

இப்படி ஐந்து வருடம் போனது. அதற்குள் மாப்பிள்ளைக்கு இரண்டு விருதுகள் கிடைத்தன, இரண்டும் கண்ணாடி. பழையதைத் துணிச்சலாக உடைப்பது எப்படி என்று அவர் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அதைக் கேட்ட கம்பெனிகளின் ஊர்களில் என்னென்ன காணாமல் போயின என்று தெரியாது.

நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டாவது வரியை அவள் கடைசிவரை தள்ளிப்போட்டாள். அதற்கு வந்தபோது அக்காவைப் போனில் வைத்துக்கொண்டாள். "பேசிக்கிட்டே இரு. நிறுத்தாத" என்றாள். அக்கா பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிக் குறை சொல்ல ஆரம்பித்தாள். தங்கை பழைய வரியை எடுத்தாள், புதிய வரியைப் போட்டாள். அக்காவின் குறை நடுவில் அறுபடவில்லை. போனை வைத்துவிட்டு ஒட்டுக்காரி இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு வரி. அதற்கு முன்னால் ஒரு புள்ளி இருந்தது. புள்ளி வைத்த வரியை இயந்திரம் படிக்காது, அது இருந்தும் இல்லாததுதான். அப்படிப்பட்ட வரிகளைக் குப்பை என்று தள்ளிவிடுவது வழக்கம். புள்ளியை வைத்தவர்கள் பதினொரு வருடத்துக்கு முன்பு வந்த அந்த முதல் கூட்டத்தார். பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதியிருந்தார்கள்: 'தற்காலிகமாக. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.' என்ன செய்யும் என்று தெரியாமல் எதையும் அழிப்பதில்லை என்பது அவளுடைய முறை. புள்ளியை எடுத்தாள்.

சாயங்காலம் ஓட்டுநர் போன் செய்தார். "ஒண்ணு கூடுதும்மா."

"சரியா எண்ணுங்க."

"மூணு தடவ எண்ணிட்டேன். பழைய மார்க்கெட் தெருவுல இருபத்திரண்டுக்கு அப்புறம் எப்பவும் இருபத்தி நாலு இல்ல? இப்ப நடுவுல ஒண்ணு நிக்குது. பச்சைக் கதவு."

வேனில் ஒரு சிலிண்டரோடு இரண்டு பேரும் போனார்கள். கதவைத் திறந்த பெண்மணி அவர்களைப் பேசவிடவில்லை. "காலைல சொன்னது, இப்பத்தான் வர்றீங்களா? சிலிண்டர் காலியாகி எவ்வளவு நேரமாச்சு? கொஞ்சம் பொறுங்க, வந்துடுவாங்கன்னு சொல்லி அவரை உக்கார வச்சிருக்கேன்" என்று கத்தினாள். மேசையில் காப்பி ஆவி பறந்தது. அதன் பக்கத்தில் பதினொரு வருடத்துக்கு முந்தைய செய்தித்தாள் மடிப்புக் கலையாமல் கிடந்தது. சிலிண்டரின் முள் பூஜ்யத்தில் இருந்தது. நாற்காலியில் அவள் கணவர் கன்னத்தை உப்பிக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு, வாசலையே பார்த்தபடி இருந்தார். சிலிண்டர் தீர்ந்தபோது கடைசியாக இழுத்த மூச்சை அவர் விடவே இல்லை. மனைவி பொறுக்கச் சொன்னாள், பொறுத்துக்கொண்டிருந்தார்.

ஓட்டுநர் சிலிண்டரை மாற்றிக் குழாயைப் பொருத்தினார். ஒட்டுக்காரி வால்வைத் திறந்தாள். அந்த மனிதர் மூச்சை விட்டார். சுவரில் மாட்டியிருந்த காலண்டரின் தாள்கள் படபடவென்று அடித்து அடங்கும் வரை விட்டார். பிறகு சாவகாசமாக ஒரு மூச்சு இழுத்து, இரண்டு பேரையும் பார்த்து, "வண்டி பஞ்சரா?" என்று கேட்டார்.

"ஆமாங்கய்யா" என்றார் ஓட்டுநர்.

பெண்மணியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அடுத்த சிலிண்டர் எந்தக் கிழமை என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் கிளம்பினார்கள். ஒட்டுக்காரி வேனில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து, பன்னிரண்டை அடித்துப் பதின்மூன்று என்று திருத்தினாள். மறுநாள் காலை ஓட்டுநர் எண்ணிச் சொன்னபோது அறுநூற்றுப் பதின்மூன்று சரியாக இருந்தது.