அரிசிக் கிடங்கில் மலைப்பாம்பு

மலாய் நாட்டில், காஜா பேராங் ஊர் அரிசிக் கிடங்கில் சந்திரமதி பங்கீட்டு அரிசி அளந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். ஜப்பான்காரர் ஆட்சியில் அது லேசில் கிடைக்கிற வேலை இல்லை. ஆனால் எலித் தொல்லை தாங்க முடியவில்லை. மூட்டைகளைக் கடித்து ஓட்டையாக்கிவிடும். அரிசி குறைகிறபோதெல்லாம் ஜப்பானிய அதிகாரி மேனேஜர் நடராஜனைக் கன்னத்தில் அறைவார்.

திடீரென்று எலிகள் குறைந்தன. கடிபடாத மூட்டைகளைப் பார்த்துச் சந்திரமதி ஆச்சரியப்பட்டாள். காரணம் ஒரு காலையில் தெரிந்தது. மூட்டை தூக்கும் ஜெயபாலன் சுவரோரத்து அடுக்கை நகர்த்தினான். பின்னால் தொடை பருமனில் ஒரு மலைப்பாம்பு வயிறு புடைத்துச் சுருண்டு கிடந்தது.

ஜெயபாலன் பாராங்கத்தியை எடுத்தான். "தள்ளு தங்கச்சி. புள்ளைங்க கறி தின்னு எவ்வளவு நாளாச்சு."

மண்புழுவைக் கண்டாலே ஒதுங்கிப் போகிறவள் சந்திரமதி. ஆனாலும் குறுக்கே போய் நின்றாள்.

"அண்ணே, மூட்டையெல்லாம் தப்பிச்சது இதாலதான். இத வெட்டினா மறுபடியும் எலிதான்."

"இது யாரையாச்சும் பிடிச்சா நீயாம்மா பதில் சொல்லுவே?" என்றார் நடராஜன்.

"சொல்றேன் சார். நானே பாத்துக்கிறேன்."

அந்த நேரம் பார்த்து அதிகாரி உள்ளே வந்தார். எல்லாரும் குனிந்து வணங்கினார்கள். அவர் பாம்பை வெகுநேரம் பார்த்தார். தன் ஊரில் நெல் சேமிக்கும் இடத்தில் பாம்பு வந்தால் விரட்ட மாட்டார்கள் என்று தட்டுத்தடுமாறி மலாய் மொழியில் சொன்னார். பிறகு சந்திரமதியை நோக்கி விரலை நீட்டினார். பாம்பு அவள் பொறுப்பு.

கறி போன வருத்தத்தில் ஜெயபாலன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். மறுநாள் அவள் தன் வீட்டுக் கருவாட்டில் பாதியைக் கொண்டுவந்து கொடுத்த பிறகுதான் பேசினான்.

பயத்தோடு தள்ளி நின்று பார்க்கத் தொடங்கியவள், நாளாக நாளாகப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். இரை எடுத்தால் அது எத்தனை நாள் அசையாமல் கிடக்கிறது, சட்டை உரிக்குமுன் கண் எப்படி வெளுக்கிறது என்பதெல்லாம் பழகிப்போயின. மற்றக் கிடங்குகளிலும் பாம்பைக் கண்டால் அடிக்காமல் அவளுக்குச் சொல்லி அனுப்பினார்கள். கடைசியில் அதிகாரி அரிசி அளக்க வேறு ஆளைப் போட்டு, அவளைப் பாம்புகளைக் கவனிக்கும் வேலைக்கே வைத்துவிட்டார்.

கிடங்குக்குப் பக்கத்து வீட்டுப் பாக்கியலட்சுமியின் கோழிக்கூண்டில் இன்னொரு மலைப்பாம்பு புகுந்தபோது, சந்திரமதி முதல்முறையாகக் கை வைத்தாள். ஜெயபாலன் தலையை அமுக்கிப் பிடிக்க, அவள் உடலைத் தாங்கினாள். குளிர்ச்சியாக, உலர்ந்து, நல்ல கனமாக இருந்தது.

"வழவழன்னு இருக்கும்னு நெனச்சேன் அண்ணே."

"பேசாம சாக்குல போடு தங்கச்சி. எனக்குக் கை வலிக்குது."

மாட்டுவண்டியில் புக்கிட் பாரு ஊரைத் தாண்டிக் காட்டோரம் போனார்கள். சாக்கை அவிழ்த்ததும் பாம்பு அவசரப்படாமல் புதருக்குள் நுழைந்தது. வால் மறையும் வரை இருவரும் பார்த்திருந்தார்கள். பிறகு வண்டியில் ஏறி, அவித்த மரவள்ளிக்கிழங்கைப் பங்கு போட்டுத் தின்றார்கள்.

"மாட்டேன்னு சொல்லியிருக்கலாமே. இதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டான் ஜெயபாலன்.

"வேலைதாண்ணே," என்றாள் சந்திரமதி. "எனக்குப் புடிச்சிருக்கு."