இரண்டு ஸ்பீக்கர் உள்ள போன்

காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் ஒரு ரயில் வலப்பக்கமிருந்து தடதடத்து வந்து, சரியாக மண்டைக்கு நடுவில் காணாமல் போயிற்று.

"இப்ப இடது பக்கமா போகுது பாருங்க சார்," என்றாள் கடைப்பெண். கையை ரயிலாக்கி மேஜைமேல் ஓட்டியும் காட்டினாள்.

"ஹெட்போன் பழுது," என்றார் அவர்.

நில அளவை அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே அவருக்கு எல்லைக்கல் என்று பெயர். கிண்டலாக வைத்ததுதான், அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார். நட்ட இடத்தை விட்டு நகராதது கல்லுக்கு இழுக்கா என்ன? இன்று கடைக்கு வந்ததும் போன் மணி காதில் விழவில்லை என்பதால்தான். மணி நன்றாகத்தான் அடிக்கிறது என்று மனைவி சொன்னாள். போனுக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வந்து, இருப்பதிலேயே சத்தமானதைக் கேட்டார். பாட்டுக் கேட்பதற்கென்றே செய்தது என்று கடைப்பெண் இதை எடுத்து வைத்தாள். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஸ்பீக்கர். பாட்டை நிறுத்தவும் தள்ளவும் விலாவில் தனிப் பொத்தான். மூவாயிரம் பாட்டுக்கு இடம் இருக்கிறதாம். ஒரு தடவை சார்ஜ் போட்டால் இரண்டு நாள் ஓயாமல் பாடுமாம்.

"பாட்டுன்னா உயிரா சார்?"

"பேச்சு கேட்டாப் போதும்."

அவள் ஹெட்போனை வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தாள். "நல்லாத்தான் சார் போகுது. எனக்கு ஸ்டேஷனே வந்துருச்சு."

அவர் அதைத் திரும்ப வாங்கி, இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டார். அளவு ஒத்துவராமல் இடித்தால் கருவியைத் திருப்பி வைத்து மறுபடி பார்ப்பது அவர் தொழில் வழக்கம். திருப்பின பிறகும் பழைய பக்கத்திலேயே இடித்தால் பழுது கருவியில் இல்லை. ரயில் இப்போது ஒன்றுமில்லாத இடத்திலிருந்து கிளம்பி, மண்டை நடுவில் திடீரென்று முளைத்து, வலக்காது வழியாக வெளியே போயிற்று.

"பில் போடும்மா," என்றார்.

பஸ்ஸில் வரும்போது யோசித்துப் பார்த்தார். எத்தனை நாளாக இடக்காது இப்படி? மனைவி சாப்பாட்டு மேஜையில் எப்போதும் வலப்பக்கம் உட்காருகிறவள், அதனால் தெரியாமல் போயிருக்கும். இரண்டாம் தடவை "என்ன?" என்று கேட்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். கேட்காத பேச்சுக்குத் தலையாட்டிவிட்டுப் போவது எப்போதோ பழக்கமாகியிருந்தது. பத்து நாளைக்கு முன்னால் தம்பி வந்து சோபாவில் இடப்பக்கம் உட்கார்ந்தான். மருந்துக்கடை வைத்திருக்கிறவன், வருகிறவர்களின் வியாதியைப் பக்கத்து ஆளுக்குக் கேட்காமல் விசாரித்து விசாரித்து, அவன் குரலே முணுமுணுப்பாகிப் போயிற்று. டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவன் நெடுநேரம் ஏதோ சொன்னான். இவர் தலையாட்டினார். அவன் நம்பாதவன் போல மறுபடி ஏதோ கேட்டான், மறுபடி ஆட்டினார். அவன் கண் கலங்கிவிட்டது. கடையில் ஏதோ கஷ்டம் போல என்று அப்போது நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி கேட்டாள். "ஞாயித்துக்கிழமை அவ மட்டும்தான் வர்றாளாம். மதியம் சாப்பிட்டுட்டுப் போவாளா, கேட்டீங்களா?"

"எவ?"

அவள் கரண்டியோடு திரும்பினாள். "எவளா? உங்க தங்கச்சி! தம்பி கேட்டதுக்கு ரெண்டு தடவ தலையாட்டினீங்களாமே. கட்டினவகிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணுச்சா உங்களுக்கு?"

அவர் போன் பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், தன் கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, கூட வேலை பார்த்தவனோடு போனவள். மண்டப வாசலில் நின்று, வந்த ஒவ்வொருவரிடமும் கல்யாணம் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பியவர் இவர். சிலர் பரிசுப் பெட்டியைக் கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள். இனி அவள் இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று அன்று சொன்னார். சொன்னது சொன்னதுதான். ஆனால் தலையாட்டியதும் சொன்னதுதானே? இந்தக் குடும்பத்தில் கொடுத்த வாக்கை அழித்து எழுதியவன் கிடையாது. காதில் விழவில்லை என்று சொன்னால் தப்பிக்கலாம். அப்படிச் சொன்னால், அதற்கப்புறம் வீட்டில் ஒவ்வொருவரும் அவரிடம் கையை ஆட்டி, உரக்க, குழந்தைக்குச் சொல்வது போலப் பேசுவார்கள். அதைவிட அவளே வந்து தொலையட்டும் என்றும் ஒரு கணம் தோன்றியது.

தம்பியைப் புதுப் போனில் அழைத்து வலக்காதில் வைத்துக்கொண்டார்.

"நீ அவகிட்ட என்னடா சொன்ன?"

"நீங்க சரின்னுட்டீங்கன்னு சொன்னேண்ணே. அவ நம்பவே இல்ல. வாயால சொன்னாரான்னு நாலு தடவ கேட்டா. எங்க அண்ணன் தலைய அசைச்சா பத்திரத்துல கையெழுத்துப் போட்ட மாதிரின்னேன். அப்புறம்தான் அழுதா."

"நான் அன்னிக்கு..." என்று தொடங்கினார்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல."

"போன் புதுசா? குரல் பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கு."

ஞாயிறு காலை அவள் வந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. தம்பி அவளைக் கூட்டி வந்து, சுவரோரமாக இருந்த அவருடைய நாற்காலிக்கு இடப்பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தான். மனைவி தண்ணீர் கொடுத்தாள். அவள் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தாள். உதடு அசைவது தெரிந்தது. நடுவில் ஒரு தடவை மூச்சு இழுத்து நிறுத்தி, மறுபடி தொடர்ந்தாள். பிறகு முடித்துவிட்டு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். தம்பி பார்த்தான். மனைவியும் பார்த்தாள். பதில் சொல்ல வேண்டிய இடம் என்று மட்டும் அவருக்குப் புரிந்தது.

கழுத்து தானாகவே அசையப் போயிற்று. அவர் அதைப் பிடித்து நிறுத்தினார். பத்தொன்பது வருடம் கழித்து ஒருத்தி வாயைத் திறந்திருக்கிறாள். மன்னிப்புக் கேட்டாளோ, நியாயம் கேட்டாளோ, திட்டினாளோ. எதற்கென்று தெரியாமல் ஆமாம் போடுவது, மண்டப வாசலில் நின்றதைவிடக் கேவலம் என்று பட்டது.

"கேக்கல," என்றார்.

அவள் முகம் சுருங்கியது. "கேக்க விருப்பமில்லையாண்ணே?" என்று எழுந்தாள். அது கேட்டது, உரக்கச் சொல்லியிருந்தாள்.

"அதில்ல. இந்தக் காது போச்சு. எனக்கே இந்த வாரந்தான் தெரியும்." இடக்காதைத் தொட்டுக் காட்டினார். "நீ சொன்னது ஒண்ணும் விழல."

தம்பிக்கு முகம் வெளுத்தது. "அப்ப அன்னிக்கு சோபாவுல நான்..."

"வாய மூடுறா. அவ பேசட்டும்." வலப்பக்கம் கையைக் காட்டினார். "இப்படி வந்து சொல்லு. முதல்லேருந்து."

வலப்பக்கம் நாற்காலிக்கும் சுவருக்கும் இடையே ஒரு ஆள் ஒருக்களித்து நுழையும் இடம்தான் இருந்தது. அவள் டம்ளரைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, உடம்பைக் குறுக்கி உள்ளே வந்தாள். சுவரின் சுண்ணாம்பு முதுகில் வெள்ளையாக ஒட்டியது. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் காதருகே மெல்லக் குனிந்தாள்.