தெருமுனையோடு நின்ற பாட்டு

என் அண்ணன் ராமலிங்கத்துக்குச் சகுனம் பார்க்கிற வியாதி. மகள் சரிதாவுக்கு வந்த முதல் வரனைப் பூனை குறுக்கே போனதென்று தட்டிவிட்டார். இரண்டாவது வரன் வீட்டார் பேசிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது, அவர்களும் போய்விட்டார்கள். கரண்ட் போவதெல்லாம் சகுனம் என்றால் எங்கள் ரெட்டியார்பாளையத்தில் ஒரு கல்யாணமும் நடந்திருக்காது. மூன்றாவதாக வந்தவன் பிரேம்குமார், பாரிஸில் இருக்கிற பையன். சரிதாவே பேசிப் பழகி, இவன்தான் என்று முடிவு செய்துவிட்டாள். அவ்வளவு தூரம் அனுப்ப மாட்டேன் என்று நின்ற அண்ணனைச் சம்மதிக்க வைப்பதற்குள் எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

நான் சுமலதா. மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன், பகலில் பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லித் தருகிறேன். பெண்ணுக்கு ஒரே அத்தை என்பதால் முகூர்த்தத்துக்கு முதல்நாள் வரவேற்பில் பாட்டு என் பொறுப்பு. சந்தோஷமாகத்தான் ஒத்துக்கொண்டேன். பிறகு மாப்பிள்ளையின் அம்மா வசந்தா ஒரு பாட்டை போனில் அனுப்பினார்.

அவர்கள் சொல்தா வீட்டுக்காரர்கள். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த குடும்பங்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். வசந்தாவின் கணவருடைய கொள்ளுத்தாத்தா ராணுவ பேண்டில் டிரம்பெட் ஊதியவராம். அங்கே கற்ற பாட்டைத் தன் வீட்டுக் கல்யாணத்தில் ஊதினாராம். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்துக்கு வருகிற பெண்கள் எல்லாரும் அந்தப் பாட்டோடுதான் மண்டபத்துக்குள் நுழைவார்களாம்.

"பொண்ணு அப்பா கையப் புடிச்சிட்டு உள்ள வரும்ல, அப்ப இத வாசிக்கணும்" என்றார் வசந்தா. "எம் மாமியாருக்கு வாசிச்சாங்க, எனக்கு வாசிச்சாங்க. சரிதாவுக்கும் வேணும். மெர்சி சுமலதா." நன்றியைக்கூடப் பிரெஞ்சில்தான் சொல்வார்.

கேட்டேன். அவருடைய கல்யாணத்தில் பதிந்தது. டிரம்பெட்டும் அக்கார்டியனும் சேர்ந்து குதித்துக்கொண்டு போகின்றன. அவர்கள் மேஜர் என்பார்கள், நம் கணக்கில் சங்கராபரணத்துச் சுரங்கள். இரண்டு பாதி. முதல் பாதி கேள்வி கேட்பது போல மேலே ஏறி நிற்கிறது, இரண்டாம் பாதி அதற்குப் பதில் சொல்லிக் கீழே இறங்கி வீடு சேர்கிறது. அழகான பாட்டுதான்.

வெங்காயம் உரித்தபடி அதை முணுமுணுத்தேன். கையின் வேகத்துக்கு முணுமுணுப்பும் மெதுவாகிக்கொண்டே வந்தது. முதல் பாதியை இரண்டாவது முறை மெதுவாக இழுத்தபோது என் வாய் தானாக நின்றுவிட்டது. அது எங்கள் தெருவில் பிணம் எடுக்கிற பாட்டு.

பெயரில்லாத பாட்டு அது. எங்கள் பக்கத்து பேண்ட் செட்டுகள் கல்யாணத்துக்கும் வரும், சாவுக்கும் வரும். பாடையைத் தூக்கியதும் கிளாரினெட் அந்த முதல் பாதியை எடுக்கும். சுடுகாடு வரைக்கும் அதையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு போவார்கள் என்று கூடப் போகிற ஆண்கள் சொல்வார்கள். அப்படி ஒரு இரண்டாம் பாதி இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் என் அண்ணி பார்வதி, சரிதாவின் அம்மா, இறந்து போனபோதும் டிரம் அடிக்கிற கொளஞ்சி அண்ணனின் பேண்ட் செட் அதைத்தான் வாசித்தது.

ஒருவேளை அந்த டிரம்பெட் தாத்தா இங்கே யாருக்காவது சொல்லிக் கொடுத்தாரோ, ராணுவ பேண்ட் வாசித்த மைதானத்தில் கேட்ட எவராவது பிடித்துக்கொண்டு போனாரோ. யாரைக் கேட்பது? எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க மட்டும்தான். சுரங்கள் அதேதான். அவர்களுடையதில் ஒவ்வொரு சுரமும் நேராக நிற்கிறது, நம்ம கிளாரினெட் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகிறது. அவர்களுக்கு அடியில் பல சுரம் ஒன்றாக ஒலிக்கிற கார்டு ஓடுகிறது, நமக்கு அடியில் டிரம் மட்டும்தான். டும் என்று ஒரு பெரிய அடி, ஒரு இடைவெளி, பிறகு டும்டும். அவர்கள் துக்கத்துக்கு மைனர் ஸ்கேலைத் தேடுவார்கள். நாம் மேஜரிலேயே ஒரு ஆளை அனுப்பிவைத்துவிடுவோம், அந்த மைனர் சாயலுள்ள கீரவாணியில் உட்கார்ந்துகொண்டு காதலும் பாடுவோம். அப்படியானால் சாவு சுரத்தில் இல்லை. வேகத்திலும் வழுக்கலிலும், முக்கியமாக அந்த டிரம் விடுகிற இடைவெளியிலும்தான் இருக்கிறது.

இதெல்லாம் புரிந்து என்ன பிரயோஜனம்? அண்ணன் காதில் இது விழுந்தால் மண்டபத்து வாசலிலேயே கல்யாணத்தை நிறுத்திவிடுவார். சம்பந்தியிடமோ, உங்கள் வீட்டுக் கல்யாணப் பாட்டு எங்கள் ஊரில் பிணம் தூக்குகிற பாட்டு என்று எந்த வாயால் சொல்வது? வேறு பாட்டு வைக்கலாமா என்று மட்டும் கேட்டுப் பார்த்தேன்.

"அவரு இருந்திருந்தா இத ஒண்ணுதான் கேட்டிருப்பாரு" என்றார் வசந்தா. கணவரை இழந்த பெண்ணிடம் அதற்குமேல் என்ன பேசுவது. சரிங்க என்று போனை வைத்தேன்.

எனவே பாட்டுக்கு வேஷம் போட்டேன். வழுக்கலே கூடாது என்று பியானோ சத்தத்தில் வைத்தேன். திஸ்ர நடையில் ஊஞ்சல் ஆடுகிற மாதிரி மாற்றினேன். கார்டுகளைக் கொட்டினேன். டிரம்மை அறவே எடுத்தேன். என் கணவர் கோபிநாத் தொழிற்பேட்டை வேலை முடிந்து வந்ததும் உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன்.

"எங்கியோ கேட்டாப்ல இருக்கு" என்றார் அவர்.

வேகத்தைக் கூட்டி, மறுநாள் மறுபடி வாசித்தேன்.

"இது சர்ச்சுல வாசிப்பாங்களே, அது மாதிரி கீது."

அவர் சர்ச் பக்கம் போனதே இல்லை. ஆனாலும் எனக்கு உயிர் வந்தது. இருந்தும் வரவேற்பு நாள்வரை தூக்கத்தில்கூட விரல் அந்த மெதுவான நடைக்கே போய்க்கொண்டிருந்தது.

வரவேற்பன்று மேடை முழுக்கப் பூவும் விளக்கும். எனக்கு வாசல் பக்கத்தில் இடம் கொடுத்தார்கள். கீபோர்டை விரித்து வைத்து நிமிர்ந்தால், மாப்பிள்ளை ஊர்வலத்தின் முன்னால் கொளஞ்சி அண்ணன் பெரிய டிரம்மை வயிற்றில் கட்டிக்கொண்டு வருகிறார். என்னைக் கேட்காமல் அண்ணன் அவர் செட்டைப் பேசியிருக்கிறார். எந்நேரமும் சிரித்த முகம் அவருக்கு. என்னைப் பார்த்ததும் இன்னும் அதிகமாகச் சிரித்தார்.

ஊர்வலம் முடிந்ததும் ஓடிப்போய், "அண்ணே, போயி சாப்புடுங்க" என்றேன்.

"பந்தி இன்னும் போடலியேம்மா" என்று என் பக்கத்துச் சுவரோரமாகவே ஆட்களோடு உட்கார்ந்தார். டிரம்மையும் கழற்றவில்லை. சுற்றிலும் மாப்பிள்ளை வீட்டார். அவர்களை வைத்துக்கொண்டு சாவு என்கிற வார்த்தையை எப்படி எடுப்பேன்? கீபோர்டுக்கே திரும்பினேன்.

கார் வந்தது. சரிதா இறங்கினாள். அண்ணன் புதுச் சட்டையும் வேர்த்த முகமுமாக அவள் கையைப் பிடித்தார். மேடைப்பக்கமிருந்து வசந்தா எனக்குத் தலையை ஆட்டினார். குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

நன்றாகத்தான் போனது. மாப்பிள்ளை வீட்டார் சிலர் கைதட்டத் தொடங்கினார்கள். அண்ணன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நான் மூச்சு விட்டேன்.

அப்போதுதான் பக்கத்தில் டும் என்று ஒரு அடி. இடைவெளி. பிறகு டும்டும்.

கொளஞ்சி அண்ணன் பக்கத்து ஆளிடம் ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். கை தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. எத்தனை வருஷம் இந்தச் சுரங்களுக்கு அந்த அடியைப் போட்ட கை! நான் போட்ட வேஷமெல்லாம் அந்தக் கையிடம் பலிக்கவில்லை. அடிக்கு அடி வேகம் குறைந்தது. என் விரல்களும், பாவிகள், அவர் பின்னாலேயே போய்விட்டன.

பெண் வீட்டு வரிசைகளில் பேச்சு நின்றது. முன்வரிசைக் கிழவி ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்தினாள். வசந்தாவோ, பேண்டும் சேர்ந்துகொண்டதே என்று முகம் மலர்ந்து நின்றார். நான் அண்ணனைப் பார்த்தேன்.

அண்ணன் தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். நின்றது சரிதா.

எனக்கு நேரே வாசற்படியில் நின்றுவிட்டாள். "இன்னாம்மா, ஏன் நின்னுட்ட?" என்றார் அண்ணன், ஒன்றும் புரியாமல். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணி போன அன்றைக்கு அண்ணன் நெருப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வெடிச்சத்தத்துக்கு நடுவே முன்னால் போனவர். அவர் காதில் எந்தப் பாட்டும் விழுந்திருக்காது. மற்றச் சாவுகளுக்கோ, சகுனத்துக்குப் பயந்து பாடை எடுக்குமுன்னே திரும்பிவிடுவார். பெண்கள் நாங்கள்தான் தெருமுனையோடு நின்றவர்கள். சுடுகாட்டுக்குப் பெண்கள் போகக் கூடாது. கிளாரினெட் சத்தம் தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போகிறவரை சரிதா என் தோளைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள். வீடு கழுவ வேண்டும் வா என்று நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன். இத்தனை நாளும் அண்ணனை நினைத்துப் பயந்தேனே, இந்தப் பெண்ணை நினைத்தேனா? எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

கொளஞ்சி அண்ணன் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. கை டிரம்மின் தோல்மேல் அப்படியே நின்றது. நானும் விரலை எடுக்கப் போனேன்.

"நிறுத்தாத அத்தே." சரிதாவின் குரல் எனக்கு மட்டும் கேட்கிற அளவுக்குத்தான் இருந்தது. கண் நிறைந்துவிட்டது, ஆனால் அழவில்லை. "அன்னிக்கி முனையோட நின்னுட்டோம். அதுக்கு மேல இன்னா வாசிச்சாங்கன்னே தெரியல எனக்கு. மிச்சத்த வாசி."

மிச்சம் என்று அன்றைக்கு எதுவும் இல்லை. சுடுகாடு வரைக்கும் அதே கேள்விதான், திரும்பத் திரும்ப. அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டாம் பாதியை எடுத்தேன். வேஷம் எதுவும் போடாமல், அந்த மெதுவான நடையிலேயே, மேலே நின்ற சுரத்திலிருந்து ஒவ்வொரு படியாக இறக்கினேன்.

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு என்னை விட்டுவிட்டு, "இதையா அண்ணே வாசிச்சீங்க?" என்று கொளஞ்சி அண்ணனைக் கேட்டாள்.

அந்த மனிதர் தம் ஆயுளில் அந்தச் சுரங்களைக் கேட்டதில்லை. ஒருமுறை என்னைப் பார்த்தார்.

"ஆமாம்மா. கடசி வரைக்கும் இதான்."

சரிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பா கையை இறுக்கிப் பிடித்தாள். "வாப்பா" என்றாள். "பாட்டு நல்லாருக்கே சுமா, புதுசா?" என்று போகிறபோக்கில் என்னைக் கேட்டுவிட்டு அண்ணன் அவளோடு நடந்தார். கொளஞ்சி அண்ணன் டிரம்மைக் கழற்றித் தரையில் வைத்தார். அவர்கள் மேடைக்குப் போய்ச் சேரும்வரை நான் அந்த இரண்டாம் பாதியையே திரும்பத் திரும்ப வாசித்தேன். முதல் பாதிக்குத் திரும்பிப் போகவே இல்லை.