பிரவீணாவின் இரண்டு அரியர்

முதல் செமஸ்டரில் இரண்டு பாடம் போனதும் தன் படிப்பே போச்சு என்று பிரவீணா முடிவுகட்டிவிட்டாள். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். பத்தாவதில் பெயிலானவர்கள் பதினொன்றுக்குப் போக முடியாதே, இங்கேயும் அதே கணக்காகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். யாரையாவது கேட்டுத் தொலைத்திருக்கலாம், வெட்கம் விடவில்லை. திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறுவதை நிறுத்திவிட்டு, அம்மா வெள்ளைத்தாயோடு பருத்தி எடுக்கப் போனாள். டி.சி. வாங்கிவிட்டு ஜவுளிக்கடை வேலைக்குப் போவதாக யோசனை.

நான்காம் நாள் காலையில் ரூத் வந்து நின்றாள். அதே கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிப்பவள். முதல் வருஷப் பிள்ளைகள் ஐந்து பேருக்கு ஒரு சீனியர் பொறுப்பு என்று அந்த ஆண்டுதான் புதிதாக ஏற்பாடு செய்திருந்தார்கள். யாராவது மூன்று நாள் வராவிட்டால் போனில் விசாரித்தால் போதும். ஆனால் இவள் போனை எடுத்தால்தானே! பந்தல்குடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள் அந்த மகராசி.

"பெயிலாயிட்டேன்க்கா. திரும்ப முதல்லருந்துதான உக்காரணும்?"

ரூத் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "கூறுகெட்டவளே, அதுக்குப் பேரு அரியர். அடுத்த பரீட்சையோட சேத்து எழுதிக்கிறலாம். வகுப்பு பாட்டுக்கு நடக்கும். எனக்கு மூணு இருந்துச்சு, தெரியுமா?"

வெள்ளைத்தாய்க்குப் பாதிதான் புரிந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

"கெளம்புடி. மத்தியான வகுப்புக்காவது போயிச் சேரு."

அதன்பிறகு வாரம் இரண்டு நாள், பஸ் வரும்வரை, ரூத்தும் அந்த ஐந்து பேரும் மரத்தடியில் கணக்குப் போட்டார்கள். அடுத்த ரிசல்ட்டில் பிரவீணா இரண்டு அரியரிலும் தேறிவிட்டாள். ஒன்றில் நாற்பத்தொன்று, ஒன்றில் ஐம்பத்தெட்டு. ஊரைக் கூட்டிச் சொல்லும் மார்க் இல்லை, ஆனாலும் பிரவீணா தெரு முழுக்கச் சொன்னாள். பிறகு ரூத்துக்குப் போன் போட்டாள்.

"நீங்க நல்லாருக்கணும்க்கா. ஒங்களுக்கு அப்ப யாருக்கா வந்து சொன்னாக?"

"யாரும் வரல. டி.சி. வாங்க வரிசையில நின்னேன். பின்னால நின்ன அண்ணந்தான் சொன்னாரு, அரியர் எழுதலாம்னு. எனக்கு முன்னால நின்ன ரெண்டு பேரு அதுக்குள்ள வாங்கிட்டுப் போயிட்டாளுக."