வெட்டி எடுத்த ஒன்பது நிமிடம்

"வைரஸ் புகுந்துருச்சுங்க பெரிப்பா. கார்டைக் குடுங்க, சுத்தம் பண்ணிக் கொண்டாந்து தாரனுங்க."

அன்றைக்குக் கீர்த்தனா இந்தப் பொய்யைச் சொல்லும் ஐந்தாவது வீடு இது. முதல் வீட்டில் நாக்குக் குழறியது. இப்போது தடங்கல் இல்லாமல் வந்தது. சைக்கிளிலிருந்து இறங்கக்கூட இல்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றி, கையை நீட்டிக்கொண்டு நின்றாள். சைக்கிள் கூடையில் கிடந்த ஜாமெட்ரி பாக்ஸுக்குள், காம்பஸுக்கும் ரப்பருக்கும் நடுவே, நகத்தளவு மெமரி கார்டுகள் ஐந்து ஏற்கெனவே சேர்ந்திருந்தன.

ராசப்பன் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். அப்பாவுக்குப் பெரியப்பன் மகன், குண்டடம் பக்கத்தில் முருங்கையும் மக்காச்சோளமும் போட்டிருப்பவர். எதையும் நிதானமாகச் செய்கிற மனிதர். கையைக் கழுவி, வேட்டியில் துடைத்து, செல்போனின் பின்மூடியைக் கழற்றி, பேட்டரியை எடுத்து, கார்டை நகத்தால் நெம்பி எடுப்பதற்குள் கீர்த்தனாவுக்கு மூச்சு முட்டியது.

"அந்த வைரஸ் மாட்டுக்குப் புடிக்குமா கண்ணு? எதுக்கும் அந்தச் செனை மாட்டத் தள்ளிக் கட்டிப் போடட்டுமா?"

அவள் சிரிக்க முயன்றாள். கார்டு கைக்கு வந்ததும் சைக்கிளைத் திருப்பினாள். அப்போதுதான் அவர் அடுத்த வார்த்தையைச் சொன்னார்.

"ஆனா ஒரு கார்டைச் சுத்தம் பண்ணி என்னத்துக்கு ஆவுது? போன ஞாயித்துக்கெழம பால் சொசைட்டில நானே எட்டுப் பேருக்கு ப்ளூடூத்துல ஏத்தியுட்டனே. மூலனூர்ல என்ற மச்சினனுக்கும் போயிருச்சு. அவன் எத்தன பேருக்கு ஏத்துனானோ."

கீர்த்தனா சைக்கிளிலிருந்து இறங்கினாள். இறங்கியபோதுதான் தண்ணீர்த் தொட்டிக்கு அருகே, நிழலில் இரண்டு பிளாஸ்டிக் கேன்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைக் கண்டாள். ஒன்று நீலம், ஒன்று வெள்ளை. காலையில் பக்கத்துத் தோட்டத்து ரத்தினசாமி மாமாவின் மோட்டார் ரூமில் பார்த்த அதே மாதிரிக் கேன்கள்.

அவள் பார்ப்பதை அவரும் பார்த்தார். நாளைக்குக் காலையில் ஆறு மணிக்குத் திரீ பேஸ் கரண்டு வந்ததும் தானும் சொட்டுநீர்க் குழாயைச் சுத்தம் பண்ணிவிடலாம் என்றிருப்பதாகச் சொன்னார். திருப்பூரில் பிளீச்சிங் பட்டறை வைத்திருக்கும் ரத்தினசாமியின் அக்கா மகன்தான் அவருக்கும் சேர்த்துக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனானாம்.

"மாமாவுக்கு அப்படி ஆயிருச்சேங்க," என்றாள் கீர்த்தனா. குரல் அவளுடையது போலவே இல்லை.

"மூஞ்சீல துணி கட்டாம நின்னா மூச்சு அடைக்கத்தான செய்யும்? நான் துண்டு கட்டிக்குவேன் கண்ணு."

காலை எட்டு மணிக்கு அவள் அப்பாவுக்கு இட்லி கொண்டு தோட்டத்துக்குப் போயிருந்தாள். அவள் அப்பா மாரப்பனின் தோட்டமும் ரத்தினசாமியின் தோட்டமும் அடுத்தடுத்தவை. நடுவில் ஒரு வரப்புத்தான். தூக்குப்போசியைக் கீழே வைக்கும்போது அப்பா கத்தியபடி ஓடுவதைப் பார்த்தாள். ரத்தினசாமியின் மோட்டார் ரூம் கதவு வழியாக, பச்சை கலந்த மஞ்சளாக ஒரு புகை தரையோடு தரையாக ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. அப்பா துண்டை நனைத்து முகத்தில் சுற்றிக்கொண்டு உள்ளே போய், ரத்தினசாமியின் இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து வெளியே இழுத்துப் போட்டார்.

ரத்தினசாமி மாமாவின் கண்கள் ரத்தமாய்ச் சிவந்திருந்தன. இருமினார், இருமினார், இருமலுக்கு நடுவே மூச்சை இழுக்கும்போது விசில் போல ஒரு சத்தம் வந்தது. அவர் மனைவி செல்லாத்தாள் குடம் குடமாகத் தண்ணீரை அவர் முகத்தில் ஊற்றினாள். கார் வந்து ஏற்றிக்கொண்டு போகும்போது, மோட்டாரை நிறுத்திவிடும்படி அப்பா கீர்த்தனாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

புகை அடங்கும்வரை தூரத்தில் காத்திருந்துவிட்டு, துப்பட்டாவை மூக்கில் அழுத்திக்கொண்டு உள்ளே போய் ஸ்டார்ட்டரை அணைத்தாள். மோட்டார் சத்தம் நின்றது. நின்றதும்தான் இன்னொரு சத்தம் கேட்டது. சுவரில் ஆணியில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் கவருக்குள் ரத்தினசாமியின் செல்போன் பாடிக்கொண்டிருந்தது. முடிந்து முடிந்து, மறுபடி முதலிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது.

"அடுத்து, குழாயில பாசி புடிச்சா என்ன பண்றதுன்னு ஐயா சொல்றாருங்க. கேட்டுப்போட்டு உங்க தோட்டத்துலயும் பண்ணிப் பாருங்க."

அவளுடைய குரல்.

எதற்கென்று யோசிக்கும் முன்பே அவள் கை அந்தப் போனைத் திறந்து கார்டை எடுத்துவிட்டது. ஜாமெட்ரி பாக்ஸில் விழுந்த முதல் கார்டு அதுதான்.

இந்தக் கார்டு வேலை தொடங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவள் பதினொன்றாவதில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருந்தாள். பல்லடம் பிரவுசிங் சென்டரில் பிராஜக்டுக்காகத் தேடும்போது, ஒரு வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் இணையதளத்தில் வாரம் ஒரு பேச்சாக ஒலிக்கோப்புகள் கிடப்பதைக் கண்டாள். பாட்காஸ்ட் என்று போட்டிருந்தது. ஊரில் அந்தச் சொல் யார் வாயிலும் நுழையவில்லை. கார்டுப் பேச்சு என்றே ஆகிவிட்டது. பப்பாளியில் மாவுப்பூச்சி, தென்னையில் ஈரியோபைட் சிலந்திப்பூச்சி, சொட்டுநீரில் உரம் விடுவது. அப்பா முதல் பேச்சைப் பால் கறந்துகொண்டே கேட்டார். மறுநாள் சொசைட்டியில் போய், தன் மகள் ஒரு வருஷப் படிப்பை விரல்நுனியில் அடக்கிக் கொடுத்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கார்டு வரத் தொடங்கியது.

பேச்சு ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். ஊர்க்காரர்களுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. தூங்கிவிடுகிறார்கள் என்று அப்பாவே சொன்னார். பிரவுசிங் சென்டரில் ஒலியை வெட்டி ஒட்டும் மென்பொருள் இருந்தது. வேண்டாததை வெட்டினாள். பிறகு முன்னால் தன் குரலைச் சேர்த்தாள்: வணக்கமுங்க, நான் கீர்த்தனா பேசறனுங்க, இந்த வாரம் நீங்க கட்டாயம் கேக்க வேண்டிய பேச்சு இது. பிறகு நடுவிலும் சேர்த்தாள். மளிகைக் கடையில் முன்பின் தெரியாதவர்கள்கூட அவள் குரலைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது. மற்றதை எல்லாம் விட அதுதான் பிடித்திருந்தது.

சொட்டுநீர்க் குழாய்ப் பேச்சு நாற்பத்திரண்டு நிமிடம். ஆயிரம் அடிக்குக் கீழே இருந்து வரும் உப்புத் தண்ணீர் குழாயின் துளைகளை அடைத்துவிடும். அந்த உப்பைக் கரைக்க ஆசிட் விட வேண்டும். அது முதல் பகுதி. பாசி அடைத்தால் பிளீச்சிங் விட வேண்டும். அது கடைசிப் பகுதி. இரண்டுக்கும் நடுவே ஒன்பது நிமிடம் அந்த விஞ்ஞானி எங்கேயோ போய்விடுவார். ஆய்வகத்தில் பார்த்தது, வாயில் நுழையாத ரசாயனப் பெயர்கள், அதற்கிடையில் தொண்டைக்கட்டோடு ஓயாத இருமல். கீர்த்தனா ஒன்பது நிமிடத்தையும் ஒரே வெட்டாக வெட்டிவிட்டு, அந்த இடத்தில் தன் குரலை வைத்தாள்.

அந்த ஒன்பது நிமிடத்தில் அவர் சொன்னது அவளுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. அதைத்தான் காலையிலிருந்து தாங்க முடியவில்லை. இரண்டையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். ஆசிட் விட்டால் குழாயை நன்றாகக் கழுவிவிட்டு, நாலைந்து நாள் கழித்துத்தான் பிளீச்சிங். ஒரே டிரம்மில் ஊற்றினால் விஷப்புகை வரும், ஆளைக் கொன்றுவிடும். சொல்லிவிட்டு இருமினார். அந்த இருமலை எடுக்கப்போய்த்தான் அதுவும் சேர்ந்து போயிற்று.

திருப்பூருக்குப் பக்கத்தில் இல்லாத ஊராக இருந்திருந்தால் இது நடந்திருக்காது. கடையில் போய் ஆசிட் கேட்டால் கடைக்காரன் நாலு கேள்வி கேட்டிருப்பான். இங்கே பனியன் துணியை வெளுக்கிற பட்டறை வீட்டுக்கு ஒரு சொந்தக்காரனிடம் இருந்தது. ஆசிட்டும் பிளீச்சிங்கும் கேன் கேனாக, கேட்பாரில்லாமல், ஒரே வண்டியில் வந்து இறங்கின.

ராசப்பன் தவிட்டுக்குத் திரும்பியிருந்தார்.

"பெரிப்பா, அது ரெண்டையும் ஒண்ணா ஊத்தக்கூடாதுங்க," என்றாள்.

"கார்டுல அப்படித்தான கண்ணு சொல்லுது? இது முடிஞ்சதும் அது."

அவள் சொல்லியிருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. நான்தான் வெட்டினேன். நாக்கு நுனிவரை வந்தது. அந்த நேரம் பார்த்து அவர் முகத்தில் ஒரு சந்தேகம் மெல்ல நகர்ந்தது, அல்லது நகர்ந்தது போல அவளுக்குத் தோன்றியது.

"நடுவுல கொஞ்சம் பேச்சை வைரஸ் தின்னுருச்சுங்க. அதுல ஐயா சொல்லீருக்காருங்க, ரெண்டையும் ஒரே நாள்ல பண்ணுனா வெசப்புகை வரும்னு. ரத்தினசாமி மாமாவுக்கு அதுதானுங்க ஆச்சு."

ராசப்பன் கேன்களைப் பார்த்தார். பிறகு போய், நீலக் கேனைத் தூக்கிக்கொண்டு வீட்டின் மறுகோடிக்கு நடந்தார். திரும்பி வந்து செல்போனை எடுத்து மூலனூருக்கு எண்களை அழுத்தத் தொடங்கினார்.

கீர்த்தனாவுக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. ஐந்து மணிக்குச் சொசைட்டியில் பால் கேன்களோடு வரிசை நின்றது. அங்கே போய் எல்லோருக்கும் கேட்கும்படி அதையே சொன்னாள். வைரஸ், நடுவில் தின்றது, இரண்டும் ஒரே நாளில் கூடாது, ஒரே டிரம்மில் கூடவே கூடாது. பால் அளந்துகொண்டிருந்த கருப்புசாமி அளவையை நிறுத்திவிட்டு, விலை எழுதும் கரும்பலகையில் விலையை அழித்து இதை எழுதினார். யார் யாருக்கு யார் யார் ஏற்றினார்கள் என்று வரிசையில் நின்றவர்களே கணக்குப் போட்டு, ஆளுக்கு ஒரு பக்கமாகப் போன் அடித்தார்கள். ஒருவர் வீட்டில் ஆசிட்டும் பிளீச்சிங்கும் ஏற்கெனவே இறங்கியிருந்தன. அவர் பாலைக்கூட ஊற்றாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

"படிச்ச புள்ளைன்னா இப்படியல்லொ இருக்கோணும்," என்றார் ஒரு பெரியவர். "நம்மூட்டுப் புள்ளைக இருக்குதே, செல்லைக் காதுல வெச்சாப் பாட்டுத்தான்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள். ஆனாலும் ஊர் தப்பித்துவிட்டது. அவளும் தப்பித்துவிட்டாள். ரத்தினசாமி மாமா மட்டும் பிழைத்து எழுந்துவிட்டால் போதும். பிழைத்து எழுந்தால் அவர் என்ன சொல்வார் என்றும் ஒரு நினைப்பு வந்தது. அதற்காகத் தன்னைத்தானே வெறுத்தாள்.

அப்பா பொழுது சாய்ந்து, விளக்கு வைத்த பிறகுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். அம்மா மாட்டுக் கொட்டகையில் இருந்தாள். அப்பா சட்டையைக் கழற்றாமல், கை கால் கழுவாமல், நேராக வந்து கீர்த்தனாவின் எதிரில் உட்கார்ந்தார். அவர் மேல் இன்னும் அந்தப் புகையின் வாடை இருந்தது.

அவள் கேட்கும் முன்பே சொன்னார். ரத்தினசாமிக்கு ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள். நெஞ்சில் நீர் கோத்துக்கொள்கிறதாம், விடிந்தால்தான் எதுவும் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர். பேச்சு வரவில்லை. மத்தியானம் ஒருதரம் கையைக் காட்டிப் பேப்பர் கேட்டார். செல்லாத்தாள் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தைக் கொடுத்தாள்.

அப்பா சட்டைப் பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தார். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. பாப்பா சொன்னது சரி. நான்தான் எங்கயோ தப்பு பண்ணிட்டேன். புள்ளையத் திட்டாதீங்க.

கீர்த்தனாவுக்குச் சீட்டிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

"ராசப்பண்ணன் போன் பண்ணுனாரு," என்றார் அப்பா. "வைரஸ் தின்னுருச்சுன்னு சொன்னியாம்மா. ஊரே உன்னப் பத்திப் பேசுதுன்னாரு."

அவள் தலையசைத்தாள்.

அப்பா தன் செல்போனை எடுத்துச் சீட்டின் பக்கத்தில் வைத்தார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காலையிலிருந்து வீடு வீடாகப் போய்க் கார்டு வாங்கியவள், தன் வீட்டுப் போனை நினைக்கவே இல்லை. அது நாள் முழுக்க அப்பாவின் சட்டைப் பையில் ஆஸ்பத்திரியில் இருந்தது.

"அங்க வராந்தாவுல உக்காந்து மூணு வாட்டி கேட்டேன்," என்றார். கோபம் இல்லை குரலில். அதுதான் பயமாக இருந்தது. அவர் அவளை முதல்முதலாகப் பார்ப்பவர் மாதிரிப் பார்த்தார்.

"நடுவுல இருந்த பேச்ச வைரஸ் தின்னுருச்சுன்னா, அந்த எடத்துல உன்ற சத்தம் எப்படிக் கண்ணு வந்துச்சு?"