புகை அலமாரிப் பலகையில் ஒரு பிரசவ அறை

யாவ்லினின் அப்பா குவாங்ஹே முயல்களுக்குப் பேறுகாலப் பெட்டி செய்யத் தொடங்கிய நாளிலிருந்து அந்த வீட்டில் ஒரு குட்டிகூடப் பிழைக்கவில்லை. இதை அவர் முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஒரே ஆள் அம்மா. அவள் தொலைவில் குவாங்தோங் மாகாணத்தில் ஒரு செருப்புத் தொழிற்சாலையில் ராத்திரி ஷிஃப்டில் இருந்தாள்.

முதல் பெட்டி, பழம் வந்த தெர்மாகோல் பெட்டி. "குளிரே ஏறாது" என்றார் அப்பா. குளிர் ஏறவில்லைதான். முயல் ஏறி உட்கார்ந்து பெட்டியில் பாதியைக் கொறித்துத் தள்ளிவிட்டது. குட்டிகள் ஓட்டை வழியாகக் கூண்டின் கம்பித் தரையில் விழுந்து விறைத்தன. இரண்டாவது, நீலப் பிளாஸ்டிக் தொட்டி. கழுவ வசதியாம். உள்ளே வியர்த்து வியர்த்து வைக்கோல் ஊறி, ஆறு குட்டிகளும் இரண்டே நாளில் போயின. இரண்டு முறையும் குற்றவாளி யார் என்று விசாரிக்க அப்பாவுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. தாங்யுவான்தான்.

தாங்யுவான் யாவ்லினின் முயல். வெள்ளை வெளேரென்று உருண்டையாக இருந்ததால் விளக்குத் திருவிழாவில் தின்கிற இனிப்பு உருண்டையின் பெயரை வைத்திருந்தாள். சாப்பாட்டுப் பெயரையே வைத்துவிட்ட மகளின் முன்யோசனையை அப்பா அடிக்கடி மெச்சிக்கொள்வார்.

"இந்தத் தடவையும் குட்டிய சாவக் குடுத்தாள்னா அவ தாய் முயல் இல்ல, கறி முயல்" என்றார் ஒரு நாள். "முன்னோர் கல்லறை துடைக்கிற நாளுக்கு உங்க பெரியத்தை வர்றா. மொளகா அள்ளிப் போட்டு வறுத்து ஆற வச்சா ரெண்டு தட்டு தேறும்."

"பெட்டில ஏதாவது கோளாறு இருந்திருந்தாப்பா..."

அவ்வளவுதான் சொன்னாள். முக்காலி சுவரில் போய் மோதியது. "அப்ப நீயே செய்யி! பதினஞ்சு வயசு இன்ஜினியரு! இனி எது செத்தாலும் ஒன் கணக்கு!" அதற்குப் பிறகு நான்கு நாள் அவர் சோற்றோடு மட்டும்தான் பேசினார்.

ஐந்தாம் நாள் மூன்றாவது பெட்டி பிறந்தது. இந்த முறை அசல் மரம். கொல்லையில் கிடந்த பழைய அலமாரியைப் பிரித்து, அளவெடுத்து, இழைத்து, ஆணியடித்து, முயல் உள்ளே போக ஒரு பக்கம் தாழ்வாக வெட்டி, "மூன்றாம் தலைமுறைப் பிரசவ அறை" என்று பெயரிட்டு வீடியோவும் எடுத்துப் போட்டார். பதினொரு பார்வை விழுந்தது. அதில் நான்கு தடவை அவரே.

இணை சேர்த்த இருபத்தெட்டாம் நாள் பெட்டியைக் கூண்டுக்குள் வைத்தார்கள். தாங்யுவான் ஒரு முறை மோந்தாள். பிறகு எதிர் மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். மூன்று நாளும் அப்படியே.

"வெக்கப்படுறா" என்றார் அப்பா.

முப்பத்தோராம் நாள் ராத்திரி யாவ்லினுக்குத் தூக்கம் வரவில்லை. முயல்கள் ஊர் அடங்கிய பிறகுதான் ஈனும். கைபேசி வெளிச்சத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். தாங்யுவான் வயிற்று மயிரைப் பிய்த்துப் பிய்த்து வாய் நிறைய வைத்திருந்தாள். அதைப் பெட்டிக்குக் கொண்டுபோகாமல் கம்பித் தரையின் மூலையிலேயே போட்டாள். மயிர் கம்பி வழியே கீழே புழுக்கையில் விழுந்தது. மறுபடி பிய்த்தாள். மறுபடி விழுந்தது.

யாவ்லின் அம்மாவைக் கூப்பிட்டாள். பின்னால் இயந்திரம் இரைந்தது.

"என்னடி இந்நேரத்துல? அப்பாவுக்கு என்னாச்சு?"

"அவரு நல்லா கொறட்ட விடுறாரும்மா. தாங்யுவான் பெட்டிக்குள்ள போகவே மாட்டேங்குறா. வெளியவே போட்ருவா போலருக்கு. எல்லாம் செத்துரும். அவளையும் வறுத்துருவாங்க."

"உங்கப்பா கட்டுனதுல எதுதான் நின்னுருக்கு? பன்னிக் கொட்டாய் சாஞ்சுச்சு, கோழிக்கூண்டு சாஞ்சுச்சு. அதத் தூக்கி வெளிய வையி."

"வச்சு, அப்புறமும் குட்டி செத்துச்சுன்னா? நான்தான் கொன்னேன்னு ஆயிடும்மா. எனக்கு கை நடுங்குது."

"நடுங்குற கையாலயும் பெட்டியத் தூக்கலாம்டி. மேஸ்திரி வர்றான், வைக்கிறேன்" என்று அம்மா வைத்துவிட்டாள்.

யாவ்லின் கூண்டைத் திறந்து பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். அப்போதுதான் அந்த வாசனை மூக்கில் ஏறியது. சைப்ரஸ் தழைப் புகை, ஆரஞ்சுத் தோல், உப்பு, உருகி வடிந்து பலகையில் ஊறிய கொழுப்பு. கண்ணை மூடினால் புத்தாண்டே வந்துவிடும். அது புகை போடுகிற அலமாரி. வருஷா வருஷம் கடைசி மாதத்தில் உரித்து உப்புத் தடவிய முயல்களை வரிசையாகத் தொங்கவிட்டு அடியில் புகை மூட்டுவார்களே, அந்த அலமாரி. தாங்யுவானின் பாட்டி, பெரியம்மா, சித்தி எல்லோரும் கொழுப்பாக வடிந்திருந்த பலகையில் அப்பா பிரசவ அறை கட்டியிருந்தார். வெளிப்புறத்தை மட்டும் இழைத்து வழவழப்பாக்கியிருந்தார். உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள்?

அப்போது கூண்டில் ஏதோ பொத்தென்று விழுந்தது. மூலையில் முதல் குட்டி, ஒரு விரல் நீளம், மயிரில்லாமல், ஈரமாக, கம்பியின் மேல் நெளிந்தது.

அதற்கு மேல் பயப்பட நேரமில்லை. குட்டியை எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள். பெட்டியை இழுத்து வெளியே வைத்தாள். கதவோரம் புது முதுகுக் கூடை சாத்தியிருந்தது. பச்சை மூங்கில், சந்தையில் வாங்கி இன்னும் தோளில் ஏறாதது. முன்னோருக்கு ஊதுபத்தியும் காகிதப் பணமும் மலைமேல் சுமந்துபோக அப்பா ஒதுக்கி வைத்தது. யாரும் தொடக்கூடாது என்று மூன்று தடவை சொல்லியிருந்தார். முன்னோர்கள் இத்தனை வருஷம் காத்திருந்தவர்கள், இன்னும் கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று கூடையைப் படுக்கவைத்துக் கூண்டுக்குள் தள்ளினாள். வைக்கோலைத் திணித்தாள். கொட்டிய மயிரைப் பொறுக்கி அதன்மேல் பரப்பி, சட்டைக்குள்ளிருந்த குட்டியை அதில் வைத்தாள். குட்டிகள் உருண்டு வராமலிருக்க வாயில் ஒரு விறகுத் துண்டைக் குறுக்கே வைத்தாள்.

தாங்யுவான் மோந்தாள். ஒரு தரம். இரண்டு தரம். விறகைத் தாண்டி உள்ளே போனாள். உள்ளேயிருந்து மயிர் பிய்க்கும் சத்தம் மட்டும் கேட்டது.

விடிகிற நேரம் ஒன்றுக்குப் போக எழுந்து வந்த அப்பா, சேற்றில் கிடந்த பெட்டியைப் பார்த்தார். பிறகு கூடையைப் பார்த்தார்.

"என் பெட்டிய எவ எடுத்தது? அந்தக் கூடை யாருக்குன்னு தெரியுமா ஒனக்கு?"

யாவ்லின் பெட்டியைக் காட்டினாள். "பெட்டி உள்ள... மோந்து பாருங்கப்பா."

"என்னத்த மோக்குறது? மரம் மரமாத்தான் இருக்கும்."

"ஒரே ஒரு தடவ."

அவர் குந்தி, பெட்டிக்குள் தலையை விட்டு ஆழமாக இழுத்தார். உள்ளேயிருந்து குரல் எச்சில் ஊறிக் கொழகொழவென்று வந்தது. "மணமாத்தானடி இருக்கு! சும்மா கமகமன்னு... நேத்து சோறு மிச்சம் இருக்கா புள்ள?"

தலை பெட்டிக்குள்ளேயே இருந்தது. ஒரு மனிதர் பெட்டிக்குள் தலையை வைத்துக்கொண்டு யோசிப்பதற்குத் தேவைப்படுவதைவிட ரொம்ப நேரம் இருந்தது.

வெளியே வந்தபோது காதில் வைக்கோல் தொங்கியது. அவர் மகளைப் பார்க்கவில்லை. கூண்டருகே போய்க் கூடையின் பின்னல் இடுக்கில் கண்ணை வைத்தார். மயிர் மெத்தை ஒரே மூச்சாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"எத்தன?"

"எட்டு. எட்டும் உசுரோட இருக்குப்பா."

அப்பா காதில் தொங்கிய வைக்கோலை எடுத்துப் போட்டார். முகத்தைத் துடைத்தார்.

"பெரியத்தை பன்னிக்கறியே தின்னட்டும்" என்றார். "முயல்கறி அவளுக்குச் சூடு."

யாவ்லின் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா தன் சட்டையைக் கழற்றிக் கூடையின் மேல் வெளிச்சம் படாமல் போர்த்தினார்.

"கூடைய அசைச்சுராத. பயந்துருவா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வருஷம் முயல்கள் விஷயத்தில் அவர் சொன்ன முதல் உருப்படியான யோசனை அது. யாவ்லின் அசைக்கவில்லை.