கப்பல் நின்றுபோன வருடம்

சென்ற வருடம் வலைக்கு வந்த மீன் எங்கள் மீன்வள ஆய்வு நிலையத்தின் கணிப்பைத் தாண்டிவிட்டது. "நம்ம கணக்கு மாடல்ல தப்பே இருக்காது" என்று இயக்குநர் அடித்துச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காலைச் சாப்பாட்டின்போது வருடாவருடம் பிறந்த மீன்குஞ்சுகளின் வரைபடத்தைக் கணவரிடம் நீட்டினேன். அவர் எங்கள் ஆய்வுக் கப்பலின் இன்ஜினியர். மூன்று வருடத்துக்கு முந்தைய புள்ளியில் விரலை வைத்தார்.

"இந்த வருஷம் கப்பல் ரிப்பேர்ல நின்னுச்சே. நான் வீட்டுல உக்காந்து உன் உயிரை வாங்கினேன், மறந்துட்டியா?"

மறக்குமா! கப்பல் போய் எண்ணும் வருடங்களில் எப்போதாவது குஞ்சுகள் ஏராளமாக இருக்கும். அது சராசரியை ஏற்றிவிடாமல் இருக்க, கணக்கில் ஒரு பங்கைக் கழிப்போம். யாருமே எண்ணாத அந்த வருடத்துக்கு வெறும் சராசரியைத்தான் வைத்திருந்தோம்; கழிக்கத் தேவையே இல்லாத அதிலும் முழுசாகக் கழித்திருந்தோம். கழிவை நீக்கினேன். கணக்கில் அந்த வருடக் குஞ்சுகள் ஒன்றரை மடங்காயின.

"பாக்கலாம்" என்று உதட்டைப் பிதுக்கினார் இயக்குநர்.

அடுத்த மாதம் கடலிலிருந்து கணவரின் போன். இயக்குநரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"எல்லாம் மூணு வயசு மீனு! நான் வீட்டுல சும்மா கிடந்த வருஷம் பொறந்ததுங்க. நீ சொன்ன கணக்கு அப்படியே வந்திருக்கு!"

இயக்குநர் தொண்டையைச் செருமினார். "ரிப்போர்ட்ட மாத்திடலாம்மா."

"போன மாசமே மாத்திட்டேன் சார். உங்க கையெழுத்துதான் பாக்கி."